வணக்கம் பிறந்த இடம்

முன்னொரு காலத்தில், சிரிக்காமல் சாப்பிட்டால் சோறு செரிக்காத ராஜா ஒருவர் இருந்தார். அவரைச் சிரிக்க வைக்கவென்றே அரண்மனையில் விகடகவி சடையாண்டி இருந்தான். பாவம், சபையையே சிரிக்க வைத்தவனுக்குச் சொந்த ஊருக்குப் போக வழியில்லை. போன மழைக்காலத்தில் பெண் பிறந்திருப்பதாகச் சேதி வந்தது. இப்போது தவழ ஆரம்பித்திருப்பாள். ஜாடை அப்பனா அம்மாவா என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஏங்கி ஏங்கி விடுப்புக் கேட்டால், "நீ போய்விட்டால் நான் பட்டினி கிடப்பதா?" என்பார் ராஜா.

ஒருநாள் ராஜாவுக்கு விசித்திரமான ஆசை வந்தது. "தினமும் ஆயிரம் பேர் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். அந்தச் சொல் எங்கே பிறந்தது?"

சடையாண்டியைக் கண்டாலே வயிறெரியும் திருமேனிப் பண்டிதர் முந்திக்கொண்டார். "வணங்குவதென்றால் வளைவது, பிரபு. உலகமே வளைவது தங்கள் திருவடியில். ஆகவே அங்கேதான் பிறந்தது."

சடையாண்டி லேசாகச் சிரித்துவிட்டான்.

"சிரிப்பவர் வேறு இடத்தைக் காட்டட்டும். காட்டாவிட்டால் சிறைக்குப் போகட்டும்!" என்றார் பண்டிதர்.

ராஜாவும் தலையசைத்தார். சிறைக்குப் போனால் பெண்ணை இந்த ஜென்மத்தில் பார்க்க முடியாது. ஆனாலும் சடையாண்டி கைகூப்பிச் சொன்னான்: "காட்டுகிறேன் பிரபு. பிறந்த இடம் நம்மைத் தேடி வராது. நாம்தான் போக வேண்டும்."

பல்லக்கு அவன் ஊரில், அவன் வீட்டு வாசலில் வந்து நின்றது. எந்த வாசலிலும் ராஜாதான் முதலில் நுழைய வேண்டும் என்பது சபை முறை. அவர் நுழைந்தார், பண்டிதர் பின்னால் போனார். சடையாண்டி வாசலிலேயே நின்றான். அவன் மனைவி பேச்சி அவனைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

உள்ளே உத்தரத்திலிருந்து ஒரு சேலைத் தூளி தாழத் தொங்கியது. அதற்குள் ஏதோ சிணுங்கியது. ராஜா இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, எட்டிப் பார்த்தார். கிரீடம் நழுவியது; கையில் பிடித்துக்கொண்டார். பண்டிதரும் தம்மை மறந்து குனிந்தார்.

"இதுதான் இடம், பிரபு!" என்றபடி உள்ளே வந்தான் சடையாண்டி. "சபையில் பயந்து வளைகிறோம். இங்கே தங்களை யார் வளையச் சொன்னார்கள்?"

பண்டிதர் விருட்டென்று நிமிர்ந்தார். ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அடப்பாவி! விடுப்பே வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாயே! உன் மகள் நடக்கப் பழகும்வரை இங்கேயே இரு." கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

சடையாண்டி கை நீட்டவில்லை. "மாலை இருக்கட்டும் பிரபு. கொஞ்சம் விலகுங்கள். நான் இன்னும் என் பெண்ணைப் பார்க்கவில்லை."

ராஜா சட்டென்று சுவரோரம் ஒதுங்கினார். சடையாண்டி தூளிமேல் குனிந்தான்.

அம்மா ஜாடைதான். மூக்கு மட்டும் அப்பனுடையது.