வெயிலுகந்தாளின் தாகம்

பானகம் குடித்துவிட்டு எலுமிச்சங்கொட்டையைத் துப்பிய தெய்வம் ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒன்றே ஒன்றுதான். அவள் எங்கள் உப்போடைப்பட்டி வெயிலுகந்த அம்மன். துப்பிய சத்தம் மூன்று ஊர் தள்ளிக் கேட்டது. நாலாவது ஊரிலும் கேட்டதாகச் சொல்கிறார்கள். நான் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை என்பதால் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தப் பழத்தைப் பிழிந்த கை குருவம்மையாருடையது. கோயில் தர்மகர்த்தா தவசிலிங்கத்தின் சோடா கம்பெனியில் பாட்டில் கழுவுவதே அவர் பிழைப்பு. உடைந்த கண்ணாடி கீறாத விரல் அவருக்கு ஒன்றுகூட இல்லை. மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டால், விடியுமுன் எழுந்து தம் குடிசையில் பானகம் கூட்டுவார். கருப்பட்டியைத் தட்டி ஊறவைத்து, தூசு தும்பு போகத் துணியில் வடிகட்டி, சுக்கும் ஏலமும் நுணுக்கிப் போடுவார். வடிகட்டி முடித்த பிறகே எலுமிச்சம்பழத்தைப் பிழிவார், கொட்டையெல்லாம் உள்ளே விழும்படி. ஈரமணலில் புதைத்த மண்பானையில் அது எப்படிக் குளிரும் என்றால், விளிம்பில் உட்கார்ந்த ஈ சளிப்பிடித்துத் தும்மும்.

"கொட்டைய எடுக்கத் தெரியல, இவ பானகம் போட வந்துட்டா" என்று கம்பெனியே சிரித்தது. தவசிலிங்கமும் சேர்ந்து சிரித்தார்.

அம்மையார் பாட்டிலைக் கீழே வைக்காமலே சொன்னார்: "கொட்டை கெடந்தாத்தான் மொதலாளி, பழம் புழிஞ்சதுக்குச் சாட்சி. ஒங்க கலர் சோடாவுக்கு எது சாட்சி? மேல ஒட்டுன படமா?"

எங்கள் கோயிலில் ஒரு கட்டுத்திட்டம் உண்டு. வெயிலை விரும்பி ஏற்றவள் அம்மன். ஆகவே குளிர்ச்சியான எதுவும் அவள்முன் போகக்கூடாது. இளநீர் கிடையாது, மோர் கிடையாது, எலுமிச்சை மாலைகூட வாசற்படி தாண்டாது. தவசிலிங்கம் இதைக் கண்ணுங்கருத்துமாகக் காத்துவந்தார். அம்மையாரோ தினமும் முதல் தம்ளரை ஏந்தி வாசலில் நிற்பார். பூசாரி தலையை ஆட்டி மறுப்பார். வெயிலில் நடந்துவரும் முதல் ஆள் யாரானாலும், அந்தத் தம்ளரை அவரிடம் நீட்டி, "இவுக வாய்வழியாக் குடிச்சுக்கோ, ஆத்தா" என்பார். மிச்சம் வருவோர் போவோருக்கு.

ஒரு பங்குனியில் அடித்த வெயில் இருக்கிறதே, தார் ரோட்டில் ஒட்டிக்கொண்ட செருப்புகள் ஐப்பசி மழைக்குப் பிறகுதான் வீடு திரும்பின. நிழல் மரத்தைவிட்டுக் கீழே இறங்கமாட்டேன் என்றது. இந்த வெயிலில் அவளை வாய் நனையாமல் நிறுத்திவைப்பதா என்று அம்மையாருக்குப் பொறுக்கவில்லை. கோயிலின் பங்குனிப் பொங்கல் விழாவன்று அவள்முன் பானகம் வைத்தே தீர்வது என்று சொல்லிவிட்டார்.

தவசிலிங்கம் கூப்பிட்டு அதட்டினார். "வெயிலுக்கு ஆசப்பட்டவளுக்குத் தாகம் எதுக்கு? பானையத் தூக்கிக்கிட்டு கோயிலுக்கு வந்தே, கம்பெனிக்கு வராத."

"எனக்குங்கூட ஒங்க கம்பெனி புடிக்கும் மொதலாளி. அதுக்காகப் பசிக்காமயா இருக்கு? வேலைய நீங்களே வச்சுக்கிடுங்க. ஆத்தாளுக்குத் தண்ணி குடுக்காதன்னு சொல்ல நீங்க ஆரு?"

விழாவன்று உச்சிவேளையில் தவசிலிங்கம் தம் கையாலேயே கருவறையைப் பூட்டி, சாவியை மடியில் செருகி, கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அம்மையார் பானையோடு வந்தார். முதல் தம்ளரைப் பூட்டிய கதவின் படியில் வைத்தார். மிச்சத்தைக் கூட்டத்துக்கு ஊற்றித் தீர்த்தார். பிறகு கொதிக்கிற கல்தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"நீ குடிக்காம எந் தொண்டையில ஒரு சொட்டு எறங்காது. நீயாச்சு, நானாச்சு."

பொழுது சாயத் தொடங்கியது. உதடு வெடித்தது, கண் செருகியது. "குருவக்கா, செத்துப் போவக்கா! ஒரு வாய் குடி!" என்று பெண்கள் அழுதார்கள். "மொத வாய் அவளுக்கு" என்றார். தவசிலிங்கத்துக்கே பயம் வந்துவிட்டது. ஒரு சோடாவை உடைத்து நீட்டினார். "இந்தா, இதக் குடிச்சுத் தொல. கோயில் வாசல்ல பொணம் விழுந்துறப் போகுது."

"சாட்சி இல்லாததக் குடிக்கமாட்டேன்" என்று அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் படியிலிருந்த தம்ளரில் பானகம் இறங்கத் தொடங்கியது. ஈ இல்லை, எறும்பு இல்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை. கடைசியில் மடக்கென்று ஒரு சத்தம். தம்ளர் காலி. உடனே பூட்டிய கதவுக்கு உள்ளே, "ப்தூ!" பித்தளைத் தட்டில் ஏதோ விழுந்து கணீரென்றது. அந்த அதிர்வில் கோயில் மணி தானாக ஆடியது.

தவசிலிங்கம் மடியிலிருந்த சாவியை எடுத்துத் திறந்தார். அம்மனின் மோவாயில் கருப்பட்டி நிறத்தில் ஒரு கோடு வழிந்திருந்தது. காலடித் தட்டில் ஒரே ஒரு எலுமிச்சங்கொட்டை. கூட்டம் அப்படியே விழுந்து கும்பிட்டது. வெளியே காலிப் பானை விளிம்புவரை தளும்பி நின்றது. அம்மையார் அதிலே மொண்டு, அண்ணாந்து குடித்தார்.

தவசிலிங்கம் விடவில்லை. விட்டத்தைப் பார்த்தார், தண்ணீர் வெளியேறும் தூம்பில் கையை விட்டார், "எலி கொண்டாந்துருக்கும்" என்றார். "மால பழத்துலருந்து விழுந்துருக்கும்" என்று பூசாரியைப் பிடித்தார்.

"எலுமிச்ச வாசல்படி தாண்டக்கூடாதுன்னு சொன்னதே நீங்கதானய்யா" என்றார் பூசாரி.

தெய்வத்துக்கும் நா வறளும் என்று தெய்வத்தோடேயே மல்லுக்கு நின்ற குருவம்மையாரின் அன்பை என்ன சொல்லிப் புகழ! இன்றும் அந்தக் கோயிலில் முதல் தம்ளர் அம்மனுக்குத்தான், கொட்டையோடு. கேட்க வருகிறவர்களுக்குத் தவசிலிங்கம் சொல்வதெல்லாம் இவ்வளவுதான்:

"சாவி எம் மடியில இருந்துச்சு. எலுமிச்சைய உள்ள விடாததும் நான்தான். நடந்துச்சுய்யா."