மீசைத் திருநாளின் முதல் மரியாதை

கொன்றையூரை ஆண்ட அதிரூபசிங்க ராஜாவுக்குத் திருவிழாப் பைத்தியம். பொங்கலும் கார்த்திகையும் அவருக்குப் போதவில்லை. வாரம் பிறந்தால் புதிதாக ஏதாவது ஒரு விழா வேண்டும்.

தும்மல் திருநாள் என்று ஒன்று வைத்தார். தும்மியவர்களுக்கெல்லாம் அரண்மனையில் வெல்லம். ஊர்க் கடைகளில் மூக்குப்பொடி தீர்ந்துபோயிற்று. எதிர்வீட்டுச் சோற்று நாளில், வருஷக்கணக்காய்ப் பேசாத சம்பந்திகள்கூட ஒருவர் வீட்டு ரசத்தை ஒருவர் குறை சொல்லிக்கொண்டே மூன்று தரம் வாங்கிக் குடித்தார்கள். பூசணிக்காய்க்கு வளைகாப்பு நடந்தது. பின்பக்கமாக நடக்கும் திருநாளில் சேனாதிபதி குளத்துக்குள் போய்விட்டார். அதையும் தெப்பம் என்று விழாவிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த ராஜாவைச் சிரிக்க வைக்கிற உத்தியோகம் சாத்தப்பனுக்கு. அவனிடம் சொத்து என்று பார்த்தால் நாக்கும் மீசையும்தான். மீசை என்றால் அப்படி ஒரு மீசை. வெளியூர்த் தூதர்கள் வந்தால் அதன் முனையில் எலுமிச்சம்பழத்தை நிற்க வைத்து ராஜாவே வேடிக்கை காட்டுவார். அமைச்சர் நல்லபெருமாளுக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அவருடைய மீசை, எறும்பு ஊர்ந்துபோன தடம் மாதிரி இருக்கும்.

ஒரு நாள் அமைச்சர் ராஜாவின் காதைக் கடித்தார். “மகாராஜா, மீசைத் திருநாள் ஒன்று வைத்தால் என்ன? நாட்டிலேயே உயர்ந்த மீசை ஒன்றை மழித்து, வெள்ளித் தட்டில் வைத்து, ஊர்வலம் விடுவோம். சாத்தப்பன் மீசையை விட்டால் வேறு எது இருக்கிறது?”

“அடடா, இது எனக்குத் தோன்றவில்லையே,” என்றார் ராஜா. “கொடியை ஏத்துங்கய்யா.”

சாத்தப்பன் குளித்துவிட்டு அரண்மனைக்கு வருவதற்குள் கொடி ஏறிவிட்டது. காப்பும் கட்டியாயிற்று. காப்புக் கட்டிவிட்டால் விழா நிற்காது, யாரும் ஊரைவிட்டுப் போகவும் கூடாது. அமைச்சர் அவன் தோளைத் தட்டினார். “இது எப்பேர்ப்பட்ட மரியாதை தெரியுமா சாத்தப்பா?”

வீட்டில் அவன் மனைவி வேலம்மை அவனை வெளிச்சத்துக்கு இழுத்து, மீசையைக் கையால் மறைத்துப் பார்த்தாள்.

“போச்சு. அப்படியே எங்க அண்ணன்.”

“அவ்வளவு மோசமாவா இருக்கேன்?”

“அந்த மூஞ்சியைப் பார்த்தா எனக்குச் சோறு இறங்காது. மீசையோட வந்தா வீட்டுக்கு வாங்க. இல்லேன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருங்க.”

மச்சானோடு காலம் தள்ளுவதை நினைத்ததும் சாத்தப்பனுக்கு வியர்த்தது. அந்த வியர்வையில்தான் ஒரு யோசனையும் பிறந்தது.

திருநாள் வந்தது. மேளம், மாவிலை, மணை. மணைக்குப் பக்கத்தில் பூமாலை என்கிற நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு நின்றார். சாத்தப்பன் மணைவரைக்கும் வந்தான். உட்காரவில்லை.

“அமைச்சரே, ஒரு சின்னச் சந்தேகம். இன்றைக்கு மீசையில் கத்தி படுவது மரியாதையா, அவமரியாதையா?”

ராஜா வைத்த விழாவை அவமரியாதை என்று யாரால் சொல்ல முடியும்? “மரியாதைதான். இதைவிடப் பெரிய மரியாதை நாட்டிலேயே கிடையாது,” என்றார் அமைச்சர், குரலை உயர்த்தி.

“ராஜா கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போது முதல் மரியாதையை நான் வாங்கினால் என் தலை தங்குமா? தும்மல் திருநாளில் முதல் தும்மல் யாருடையது? ராஜாவுடையது. பூசணிக்காய்க்கு முதல் வளையல் போட்டது? ராஜா. பூமாலை, என்னப்பா பார்க்கிறாய், கத்தியை அந்தப் பக்கம் கொண்டுபோ.”

ராஜாவின் கை தானாக மேலுதட்டுக்குப் போயிற்று.

“எனக்கு... கொஞ்சம் ஜலதோஷமா இருக்கு,” என்றார்.

“மகாராஜா தன் மரியாதையைச் சாத்தப்பனுக்கே விட்டுக்கொடுத்துவிடலாம்,” என்றார் அமைச்சர் அவசரமாக.

“விட்டுக்கொடுக்கட்டும். நாளைக்கு ஊரில் ராஜா யார் என்று கேட்டால் ஜனங்கள் என்னைக் கை காட்டுவார்கள். பரவாயில்லையா?”

ராஜா கனைத்தார். “அது சரிப்படாது.”

“அப்படியானால் வழக்கப்படியே செய்வோம்,” என்ற சாத்தப்பன் கோயில் குருக்களைப் பார்த்துத் திரும்பினான். “சாமி, ராஜாவுக்கு உடம்பு முடியாத நாளில் அவர் சார்பாகப் பரிவட்டம் கட்டிக்கொள்வது யார்?”

“அமைச்சர்தான், வேற யாரு? போன திருவிழாவில்கூட மாலை சின்னதா இருக்குன்னு என்னோட சண்டை பிடிச்சாரே,” என்றார் குருக்கள்.

அமைச்சர் பின்வாங்கினார். “மகாராஜா, என் மீசை அப்படியொன்றும் உசத்தி இல்லை.”

“அது எனக்கும் தெரியும்,” என்றார் ராஜா. “மரியாதைக்கு அளவு பார்ப்பார்களா? உட்காரும்.”

பூமாலை ஒரே இழுப்பு இழுத்தார். இன்னொரு இழுப்புக்கு அங்கே வேலை இல்லை. ஊர்வலத்தில் வெள்ளித் தட்டைப் பார்த்தவர்கள், “மீசை எங்கே, இன்னும் வரலையா?” என்று விசாரித்தார்கள். கடைசியில் அது கிடக்கிற இடத்தில் அடையாளத்துக்கு ஒரு செவ்வந்திப் பூ வைக்க வேண்டியதாயிற்று.

ஊர்வலம் திரும்பியது. அமைச்சர் துண்டால் உதட்டைப் பொத்திக்கொண்டு வந்தார். “அடுத்தது சாத்தப்பன்தானே?”

“விழாவுக்கு ஒரு மீசை என்று நீர்தானே சொன்னீர்? அது முடிந்தது,” என்றார் ராஜா.

“இருக்கட்டும். அடுத்த வருஷம் வராமலா போகும்,” என்று அமைச்சர் பல்லைக் கடித்தார்.

சாத்தப்பன் வெகு பணிவாகக் கும்பிட்டான். “அடுத்த வருஷமும் தங்களுக்குத்தான் அமைச்சரே. முதல் மரியாதை ஒரு வீட்டுக்குப் போய்விட்டால் பிறகு அது அந்த வீட்டுப் பரம்பரைப் பாத்தியதை. அதில் கை வைக்க நான் யார்?”

ராஜா சிம்மாசனத்திலிருந்து சரிகிற அளவுக்குச் சிரித்தார். சாத்தப்பன் மீசைக்கென்று ஒரு குடம் பசு நெய் கொடுக்கச் சொன்னார். கூட்டத்தில் நின்றிருந்த அமைச்சரின் தம்பிகள் ஒவ்வொருவராக மேலுதட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வீட்டைப் பார்க்க நடையைக் கட்டினார்கள்.