ஸ்தனி மாஸ்டரின் இரண்டாம் பக்கம்

குணாளன் தன் குருவைப் பார்க்கக் கிளம்பியபோது கையில் கிதார் பெட்டி இருந்தது. வாசிக்க இல்லை, திருப்பிக் கொடுக்க.

இந்தக் கதையில் சிஷ்யருக்கு வயது அறுபத்து நாலு. குருவுக்கு அறுபத்திரண்டு. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த குணாளன், முப்பத்து மூணு வயதில் ஒரு கல்யாண வரவேற்பில் ஸ்தனிஸ்லாஸ் கிதார் வாசித்ததைக் கேட்டுவிட்டு மறுநாளே அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். அன்றிலிருந்து தன்னைவிடச் சின்னவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். உட்காரச் சொன்னால்தான் உட்காருவார். அந்தப் பெட்டியில் இருந்த கிதாரே மாஸ்டர் கொடுத்ததுதான்.

நான் ஒலிப்பதிவு செய்கிறவன். என் பேர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மாஸ்டர் என்னை 'சவுண்டு' என்று கூப்பிடுவார், அதுவே போதும்.

ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்துக் குணாளன் ஒரு சிடி போட்டார். எட்டுப் பாட்டு, எல்லாம் அவரே கட்டியது. கொளத்தூரில் என் ஸ்டூடியோவில்தான் பதிவு. ஐந்தாவது பாட்டில் பாதிக்கு மேல் மூன்றாவது கம்பி சுருதி இறங்கிவிட்டது. அந்தக் கம்பியை முறுக்கி நிறுத்துகிற கீ தேய்ந்துபோனது, நிற்காது. போட்டுக் கேட்டபோது இரண்டு பேருக்குமே தெரிந்தது. இன்னொரு தரம் வாசிக்கிறேன் என்றார். எனக்குப் பசி. விடுங்க சார், யார் கவனிக்கப் போறாங்க என்று சொல்லிவிட்டேன். என் வாயில் சனி.

சிடியைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எல்லாரும் பிரமாதம் என்றார்கள். அதிலும் அந்தக் கடைசிப் பாட்டு இருக்கே என்றார்கள். முதல் மாதம், அந்த ஐந்தாவது பாட்டைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்களோ என்று மனுஷன் பயந்துகொண்டிருந்தார். அப்புறம், யாராவது ஒருத்தர் கேட்க மாட்டார்களா என்று ஏங்க ஆரம்பித்தார். எட்டு மாதம் ஆயிற்று. ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. போன வாரம் என் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அழுதார். பெரிய மனுஷன் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மாஸ்டருக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். முதல் சிடியே அவருக்குத்தானாம். வாங்கி வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லையாம். மாஸ்டர் வீட்டில் சிடி போடுகிற மெஷினே கிடையாது. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும், அதனால் மேலே பேசவில்லை.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கிதாரைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், இனி தொட மாட்டேன் என்றார் குணாளன். மாஸ்டருக்குப் போன் செய்து வருவதாகச் சொன்னபோது, சவுண்டையும் கூட்டிட்டு வாங்க, ரிக்கார்டு பிளேயர் ஓடலை என்றாராம். அதனால்தான் நானும் போனேன்.

மாஸ்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. சோல் என்று ஒரு சங்கீதம் உண்டு. அமெரிக்கக் கறுப்பு ஜனங்கள் சர்ச்சில் அழுததை அப்படியே வெளியே எடுத்துவந்து ஆட்டமாக ஆக்கிக்கொண்டது. பெரம்பூரில் ரயில்வே ஆங்கிலோ இந்தியர்கள் ஆடிய காலத்தில் மேடையின் ஓரத்தில் நின்று அதை வாசித்தவர் ஸ்தனி மாஸ்டர். அப்புறம் சினிமா ரிக்கார்டிங். சோல் கிதார்க்காரனுக்கு என்ன வேலை என்று ஒருதரம் கேட்டதற்கு, பாடறவன் பின்னாடி நின்னுக்கிட்டு 'ஆமாம்' சொல்றது என்றார். அப்படிப் பத்துப் பதினைந்து வருஷம் ஊரில் எல்லாருக்கும் ஆமாம் சொன்னவர், எண்பத்து நாலில் தன் பேரில் ஒரே ஒரு இசைத்தட்டு போட்டார். பாடுகிறவர் யாரும் இல்லை. கிதார் மட்டும்தான் முன்னால்.

அது விற்கவில்லை. ஆனால் கைக்குக் கிடைத்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். இரண்டாம் பக்கம் அபாரம் என்று புகழ்ந்தார்கள். எங்கள் தொழிலில் அது ஒரு வழக்கம். முதல் பக்கத்தைப் புகழ்ந்தால் அதோடு நிறுத்திவிட்டான் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டாம் பக்கத்தைச் சொன்னால் முழுசாகக் கேட்டவன் என்று ஆகிவிடும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குணாளன் எங்களைவிட ஒரு படி மேலே, பாட்டையே சொல்வார். இரண்டாம் பக்கம், மூணாவது பாட்டு, 'ஆறாம் நம்பர் கேட்'. ஆளை உருக்கிவிடும் என்பார். இருபத்தெட்டு வருஷமாக, கிதாரைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

பேப்பர் மில்ஸ் ரோடில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாஸ்டர் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கதவு திறந்தே கிடந்தது. பனியனோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கிதார் பெட்டியைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

பிளேயரில் ரப்பர் பெல்ட் தொளதொளவென்று ஆகியிருந்தது. நான் அதை மாற்ற உட்கார்ந்தேன். குணாளன் சுவரோரம் நின்றபடியே, சிடி போட்ட கதையையும் எட்டு மாதக் கதையையும் சொன்னார். ஐந்தாவது பாட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. குருவிடம் எப்படிச் சொல்வது. கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்தார்.

"நாம வாசிச்சதை ஒருத்தராவது கேட்டாங்களான்னு எப்படி மாஸ்டர் தெரிஞ்சுக்கறது?"

மாஸ்டர் வெங்காயத்தை நகர்த்தி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஓடுதா சவுண்டு?"

ஓடுகிறது என்றேன். பீரோவைத் திறந்து, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த தட்டை எடுத்தார்.

"உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு மாஸ்டர். பத்திரமா வெச்சிருக்கேன்."

"பத்திரமாத்தான் இருக்கும்," என்றார் மாஸ்டர்.

முதல் பக்கத்தைப் போடச் சொன்னார். போட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், நான் அதைக் கேட்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவசரமே இல்லாமல் இரண்டு சுரம் விழும். அப்புறம் ஒன்றுமே இருக்காது. அவ்வளவுதானா என்று நினைக்கும்போது மூன்றாவது வரும், சரியாக நாம் ஏங்கின இடத்தில் வந்து விழும். வித்தை காட்டுகிற வேலையே கிடையாது. ஆமாம் சொல்லியே பழகினவர், யாரும் ஒன்றும் கேட்காதபோது தன்பாட்டுக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. நாலாவது பாட்டு முடிந்த பிறகும் எனக்கு ஊசியை எடுக்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் இது என் ஸ்டூடியோ அலமாரியில்தான் கிடந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

குணாளன் கண்ணை மூடியிருந்தார். அவரும் புதிதாகக் கேட்கிறவர் மாதிரிதான் இருந்தார். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டாம் பக்கம் போடு. மூணாவது பாட்டுல வை, அவருக்குப் பிடிச்சது," என்றார் மாஸ்டர்.

தட்டைத் திருப்பினேன். நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் பாட்டுகளின் பேர் வரிசையாக இருந்தது. மூன்றாவது, ஆறாம் நம்பர் கேட். ஊசியை வைத்தேன்.

கொஞ்சம் கரகரப்பு. ஒரு ஆண் குரல் கனைத்துக்கொண்டது. எட்டாம் வாய்ப்பாடு என்றது. அப்புறம் சின்னப் பிள்ளைகள், ஒரு வகுப்பே சேர்ந்து:

"ஓரெட்டு எட்டு. ஈரெட்டு பதினாறு. மூவெட்டு இருபத்து நாலு."

தட்டு மாறிவிட்டதோ என்று ஊசியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஸ்தனிஸ்லாஸ் என்றுதான் போட்டிருந்தது. மறுபடி வைத்தேன்.

"நாலெட்டு முப்பத்திரண்டு. ஐயெட்டு நாற்பது."

பிள்ளைகள் நன்றாகவே சொன்னார்கள். யாரும் தப்புவிடவில்லை. பதினாறெட்டு நூற்று இருபத்தெட்டு வரைக்கும் மாஸ்டர் நிறுத்தச் சொல்லவில்லை. ஒன்பதாம் வாய்ப்பாடு ஆரம்பித்தபோது கையைக் காட்டினார். எடுத்துவிட்டேன்.

குணாளன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மடல்கூடச் சிவந்துபோயிருந்தது.

தட்டு அச்சடித்த இடத்தில் நடந்த குளறுபடி என்றார் மாஸ்டர். பள்ளிக்கூடங்களுக்கான வாய்ப்பாட்டு ரிக்கார்டு ஒன்றும் அதே வாரம் அங்கே ஓடியிருக்கிறது. அதன் ஒரு பக்கம் இதில் ஏறிவிட்டது. ஒன்று இரண்டு தட்டில் இல்லை, அத்தனை தட்டிலும் அப்படித்தான். மாஸ்டர் முதல் நாளே வீட்டில் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டார். மறுநாள் காலையில் சண்டை போடப் பஸ் ஏறிப் போனார். கம்பெனி வாசலில் சினிமா ஆள் ஒருவர், முன்பே தட்டு வாங்கிப் போனவர், மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். ரெண்டாம் பக்கம் இருக்கே மாஸ்டர், அடடா, என்றார். மாஸ்டர் உள்ளேயே போகாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார்.

"ஒருத்தர் வந்து, என்ன மாஸ்டர் பசங்க வாய்ப்பாடு சொல்றாங்கன்னு கேக்கட்டும், அப்புறம் போய் மாத்தச் சொல்லலாம்னு இருந்தேன்," என்றார்.

பிறகு குணாளன் பக்கம் திரும்பினார்.

"அந்த வாரமே நீங்க வந்தீங்க குணாளன். நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன். மூணாவது பாட்டு உருக்கிடுச்சுன்னீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வீட்டு விலாசம் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

கேட்டது முதல் பக்கத்தில் இரண்டு பாட்டுத்தான் என்று குணாளன் சொன்னார். அன்றைக்கு வீட்டில் யாரோ வந்துவிட்டார்கள், அப்புறம் போட்டுக் கேட்கலாம் என்று எடுத்து வைத்தது, அப்படியே போய்விட்டது. சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டார்.

எனக்கு ஒரு நப்பாசை. வாய்ப்பாட்டுப் பக்கம் இதில் ஏறியிருந்தால், மாஸ்டருடைய பக்கம் அந்த வாய்ப்பாட்டு ரிக்கார்டில் போயிருக்கலாம் இல்லையா? ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்டேவிட்டேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சுத் தேடினேன் சவுண்டு. ஒண்ணு கெடச்சுது. அவங்களோடது ரெண்டு பக்கமும் சரியாத்தான் இருந்துச்சு."

பதிவு செய்த டேப்பின் மேலேயே கம்பெனி வேறு எதையோ பதிவு செய்துவிட்டதாம். பிறகு கம்பெனியும் போய்விட்டது. அந்தப் பக்கத்து ஐந்து பாட்டு. உலகத்தில் எங்கேயும் இல்லை.

குணாளன் தரையில் உட்கார்ந்தார். அன்றைக்கு உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து கிதாரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"வாசிங்க மாஸ்டர். இப்பக் கேக்கறேன்."

மாஸ்டர் வாங்கிக்கொண்டார். சுருதி பார்க்காமலே ஆரம்பித்தார். ஏழெட்டு சுரம் வந்தது. ரயில்வே கேட்டில் ரயில் போகக் காத்து நிற்கிறவன் சும்மா தரையைத் தட்டுவது மாதிரி ஒரு சின்ன நடை. நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தடவையும் விரல் அந்த இடத்துக்கு வந்து, எங்கே போவது என்று தெரியாமல் கம்பியின் மேலேயே இருந்தது.

"இதுக்கு மேல வரலை," என்றார். "பத்து வருஷம் தினமும் வாசிச்சேன். யாராவது வந்து கேட்டா வாசிச்சுக் காட்டணுமேன்னு. அப்புறம் விட்டுட்டேன்."

குணாளன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மன்னிச்சிடுங்க என்று ஒருதரம் சொன்னார். நான் பெல்ட் மாற்றிய இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் கிதாரைக் கீழே வைக்கவில்லை. மூன்றாவது கம்பியின் கீயைக் கொஞ்சம் முறுக்கினார். தட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.

"உங்க சிடியைக் கீழே ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல போடச் சொல்லிக் கேட்டேன்," என்றார். "மூணு நாள் போனேன்."

குணாளன் நிமிர்ந்து பார்த்தார்.

"அஞ்சாவது பாட்டுல, பாதிக்கு மேல, இந்தக் கம்பி எறங்கிப் போச்சே," என்றார் மாஸ்டர். "மொதல்ல வேற யாராவது வந்து சொல்லட்டும்னு இருந்தேன். யாரும் சொல்லலையா?"