ஞானசிகாமணியின் தனிக் கிண்ணம்

ஒரு ஊர்ல, தேரிமணல் ஓரமா இருந்த சின்ன ஊர்ல, ஞானசிகாமணின்னு ஒரு பெரிய வீட்டுக்காரரு இருந்தாரு. தோட்டம், பனங்காடு, மாடு கன்னு எல்லாம் உண்டு. பக்தியும் உண்டு, பெருமையும் உண்டு. அந்த ஊர்க் கோயில்ல மேலத்தெருவும் கீழத்தெருவும் சேர்ந்துதான் நற்கருணை வாங்கும். திராட்சரசம் ஒரே கிண்ணத்துல வாய் மாத்தி வாய் போகும். அதுதான் இவருக்குப் பிடிக்கல.

கோயில் பாதிரி ஐயர்கிட்டப் போயி, எனக்குத்தான் முதல்ல தரணும்னாரு. ஐயரும் தந்தாரு. பிறகு, எங்க மேலத்தெரு முடிச்ச பிறகுதான் கீழத்தெருவுக்குன்னாரு. அதுக்கும் சரின்னாரு. பிறகும் மனசு ஆறல, வெள்ளியில தனிக் கிண்ணம் செஞ்சு கொண்டாந்து, இதுலதான் குடிப்பேன்னாரு. ஐயரு சாதுவான மனுசன், வம்பெதுக்குன்னு அதுக்கும் தலையாட்டிட்டாரு. கீழத்தெரு சீயோனம்மா மட்டும், "கர்த்தரு எத்தனை கிண்ணம் வச்சிருந்தாரு ஐயா?"ன்னு கேட்டா.

அப்புறம் என்னாச்சு, ஞானசிகாமணி மருமக ஆம்பளப் பிள்ளை பெத்தா, பெத்ததும் காய்ச்சல்ல விழுந்தா, பால் வத்திப்போச்சு. பிள்ளைக்கு ஆட்டுப்பால் குடுத்தாங்க, கக்கிடுச்சு. பசும்பால்ல தண்ணி கலந்து குடுத்தாங்க, அதையும் கக்கிடுச்சு. சீனித்தண்ணி தொட்டு வச்சாங்க, நாக்கைக்கூட நீட்டல. அழுகை குறைஞ்சு குறைஞ்சு பூனைக்குட்டிச் சத்தம் மாதிரி ஆயிடுச்சு. மேலத்தெருவுல பால் குடுக்கிற கைப்பிள்ளைக்காரி யாருமில்ல. கீழத்தெருவுல சீயோனம்மா ஒருத்திதான்.

ஆள் அனுப்பலாமான்னு பார்த்தாரு, கூப்பிட வாய் வரல. பேரனைத் தோள்ல போட்டுக்கிட்டு, பட்டப்பகல்ல, ஊரே பார்க்க நடந்தாரு. சீயோனம்மா வாசல்ல போயி நின்னாரு. அவ பிள்ளையை வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டா. கொஞ்ச நேரத்துல அழுகை நின்னுது. வெளிய நின்னவரு, போயிட்டானோன்னு வாசப்படியில கால் வச்சிட்டாரு. இல்ல பிள்ளைகளா, குடிச்சுக்கிட்டிருந்தான்.

தினமும் கொண்டு போனாரு, பிள்ளை தேறிடுச்சு. வாய் பட்ட கிண்ணம் ஆகாதாம், பால் மட்டும் ஆகுமாம்னு மேலத்தெருவே அவர் காதுபடச் சிரிச்சுது.

அடுத்த நற்கருணைக்கு வெறுங்கையோட வந்தாரு. எல்லாரும் வாங்கட்டும்னு கடைசிக்கும் கடைசியா, தள்ளி, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாரு. சீயோனம்மா திரும்பிப் பார்த்தா.

"முதல்ல நின்னப்பவும் தனியா நின்னீய அண்ணாச்சி. கடைசியில நிக்கும்போதும் தனியாத்தான் நிக்கீய. இதுவும் பெருமைதான். நடுவுல வாங்க."

அவரு போனாரு. அவளுக்கும் ஒரு உப்பளக்காரனுக்கும் நடுவுல இடம் விட்டாங்க, முழங்கால் போட்டாரு. கிண்ணம் வந்துது. அவ குடிச்சா, அவரு குடிச்சாரு, உப்பளக்காரன் குடிச்சான். அடுத்த ஆளுக்குப் போச்சு.

கதை அம்புட்டுதான். இருக்கிறது ஒரே பாய், எதுக்குத் தள்ளித் தள்ளிப் படுத்திருக்கீங்க? நெருங்கிப் படுங்க.