தட்டு நிறையும்வரை

காலை பதினொன்றேகால் மணிக்குச் சோதனைத் தட்டின் எண்பது குழிகளும் நிறம் மாறி முடிந்தன. முதல் குழி அதிசயராஜுடையது.

உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு அது. குழிக்கு ஒரு நோயாளியின் ரத்தம். இதயம் தளரத் தொடங்கினால் ரத்தத்தில் ஒரு புரதம் கூடும். அது கூடக் கூடக் குழியின் மஞ்சள் அடர்த்தியாகும். மூச்சு வாங்குவதற்கு முன்பே, ஸ்கேனில் தெரிவதற்கு முன்பே, அந்தப் புரதம் காட்டிக் கொடுக்குமா என்பதுதான் டாக்டர் நல்லபெருமாளின் ஆராய்ச்சி. இருபது வருடத்துக்கு மேல் வார்டு பார்த்துவிட்டு, தன்னைவிட இளையவரான பேராசிரியர் ஹாஜிராவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர் அவர்.

மற்ற குழிகள் வெளிர்மஞ்சளாகக் கிடந்தன. முதல் குழி மட்டும் அரைத்துவைத்த மஞ்சள் போல இருந்தது.

அதிசயராஜ் இதயம் நின்று இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

பாளையங்கோட்டையில் புரோட்டா மாஸ்டர். கால் வீங்குகிறது என்று வந்தார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க அடுப்புக்கு முன்னால் நிற்கிற கால் வீங்கத்தான் செய்யும் என்றார் நல்லபெருமாள். ஆராய்ச்சிக்காகக் கொஞ்சம் ரத்தம் எடுத்து உறைபெட்டியில் வைத்தார். குழிகளில் விடுகிற ரசாயனத்தைத் திறந்தால் அன்றைக்கே தீர்த்தாக வேண்டும். அதனால் தட்டு நிறைய ஆள் சேரும்வரை காத்திருப்பது அந்த ஆய்வுக்கூடத்து வழக்கம்.

மாஸ்டர் இடையில் வந்து கேட்டார்.

“டாக்டரய்யா, நம்ம ரத்தத்த ஐஸ்பெட்டியில வச்சு என்ன செய்யுதீய? குச்சி ஐஸா போடுதீய?”

“எல்லாருக்கும் சேத்துத்தான் பாப்போம், மாஸ்டர்.”

“கல்லு நெறஞ்சாத்தான் புரோட்டா போடுவேன்னு நான் சொன்னா, கடைய ஒடச்சிட்டுப் போயிருவானுவ.”

இருவரும் சிரித்தார்கள்.

இப்போது நல்லபெருமாள் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு ஹாஜிராவின் அறைக்குப் போனார்.

“மேடம், அன்னைக்கே போட்டுப் பாத்திருந்தா மாத்திரை ஆரம்பிச்சிருக்கலாம்.”

“ஆரம்பிச்சிருக்கலாம்.”

“பிழைச்சிருப்பாரா?”

“தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கற வழியும் போயிடுச்சு.”

“தட்டு நிறையட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன். அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். வெளியில அவர் சம்சாரம் வந்து உக்காந்திருக்காங்க. கேட்டது உங்களைத்தான்.”

“எதுக்கு வந்திருக்காங்க?”

“ரத்தத்துல என்ன இருந்துச்சுன்னு டாக்டர் சொல்வாருன்னு வீட்டுல சொல்லிக்கிட்டே இருந்தாராம்.”

“நான் என்ன சொல்லட்டும், மேடம்?”

ஹாஜிரா தட்டை வாங்கி ஒருமுறை பார்த்தார். பிறகு அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

கால்மணி நேரம் கழித்து நல்லபெருமாள் திரும்பி வந்தார்.

“காட்டினீங்களா?”

“காட்டினேன். இது எப்ப எடுத்த ரத்தம்னு கேட்டாங்க. மொத நாள் வந்தப்ப எடுத்ததுன்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“கொஞ்ச நேரம் அந்தக் குழியையே பாத்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. ‘அவிய ரத்தம் பிரயோசனப்பட்டுச்சா, ஐயா’ன்னு கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“ரொம்பப் பிரயோசனப்பட்டுச்சும்மான்னு சொன்னேன். அது நிஜம்தானே, மேடம்? அவர் இல்லைன்னா இந்த முடிவே வராது.”

“நிஜம்தான்.” ஹாஜிரா அவரை நிமிர்ந்து பார்த்தார். “யாருக்குன்னு அவங்க கேக்கலையா?”

நல்லபெருமாள் தட்டை மேசைமேல் வைத்தார்.

2022 பிப்ரவரி 9-ஆம் தேதி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர் நல்லபெருமாளுடையது.