ஒருமனதாக எதிர்க்கப்பட்ட ஐந்து மணி பஸ்

வேப்பங்குழி கல்லூரியில் மாணவர் பேரவைத் தேர்தல் நடந்த விதத்தைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குத் தானாக விளங்கிவிடும். ஓட்டுப் போட்டார்கள், எண்ணினார்கள். எண்ணியவன் மயில்சாமி. யாரப்பா ஜெயித்தது என்று முதல்வர் கேட்டதற்கு, "ஓட்டு ரகசியம்னு நீங்கதானுங்க சார் சொன்னீங்க" என்று வாயை மூடிக்கொண்டான். மிரட்டிப் பார்த்தார்கள். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். பன்னைத் தின்றானே தவிர ரகசியத்தைச் சொல்லவில்லை. முதல்வர் வெறுத்துப்போய், எண்ணும் அறையில் அந்நேரம் இருந்த நாலு பேரையே பேரவை என்று அறிவித்துவிட்டார். நாச்சிமுத்து தலைவர், பூபதி துணைத் தலைவர், ஜெகதீசு செயலாளர், மயில்சாமி பொருளாளர். இதில் ஜெகதீசு, ஃபேனை நிறுத்துவதற்காக உள்ளே போனவன்.

பதவியேற்பு அன்று முதல்வர் அவர்களுக்குப் புத்திமதி சொன்னார். நல்ல மனிதர், நல்ல புத்திமதி. யாரிடம் சொல்கிறோம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"எந்த முடிவா இருந்தாலும் ஒருமனதா எடுங்க. எதிர்க்கட்சி இல்லாத சபை சபையே இல்ல, அதனால எதிர்க்கிறவனுக்கும் ஒரு இடம் கொடுங்க. போட்ட தீர்மானத்த உங்க இஷ்டத்துக்கு மாத்தாதீங்க. இதைக் காப்பாத்தினாப் போதும்."

நாலு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அன்றைக்கே பேரவை அறையில் எதிர்க்கட்சிக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அது காலியாகக் கிடந்தது அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது.

"இடம் குடுத்தாச்சு. ஆளு வரலையே" என்றான் பூபதி.

"நாமளே முறை வெச்சு உக்காந்துக்கலாம்" என்றான் நாச்சிமுத்து. "ஊட்டுல தண்ணி புடிக்க முறை வெக்கறமல்ல, அந்த மாதிரி. அன்னிக்கு யாரு முறையோ அவன் எதிர்க்கோணும்."

"எதை?"

"வர்றதை."

முதலில் வந்தது கோகிலவாணியின் கோரிக்கை. அவள் வேதியியல் இரண்டாம் வருடம். ஊர் ஊத்துப்புதூர். அந்த ஊருக்குப் போகிற பஸ் கல்லூரி வாசலிலிருந்து நாலரைக்கே கிளம்பிவிடும். அவளுக்கு லேப் முடிய ஐந்து மணி ஆகிவிடும். அதை விட்டால் ஏழு மணிக்குத்தான் அடுத்த பஸ். இரண்டொரு நாள் இருட்டிய பிறகு வீட்டுக்குப் போனாள். அப்பா தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, இன்னொரு தடவை விளக்கு வைத்தபின் வந்தால் படிப்பு போதும், மில் வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனிதர். இவளோ, கண்ணாடிக் குழாயில் போட்ட உப்பு இன்ன உப்பு என்று கண்டுபிடித்துவிட்டால் அன்று முழுவதும் சிரித்துக்கொண்டே திரிகிற பெண். அப்படிப்பட்டவள் இந்த நாலு பேரை நம்பி வந்தாள்.

"அண்ணா, அந்த பஸ்ஸ அஞ்சு மணிக்கு மாத்தச் சொல்லி ஒரு தீர்மானம் போட்டுக் குடுங்கண்ணா. டெப்போ மேனேஜர்கிட்ட நானே கொண்டுபோய்க் குடுத்துக்கறேன்."

நாலு பேரும் அதே ஊத்துப்புதூர்க்காரர்கள், அதே பஸ்ஸில் போகிறவர்கள். நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கூட்டத்தை ஆரம்பித்தான். அன்று மயில்சாமியின் முறை.

"நான் எதிர்க்கறேன்" என்றான் மயில்சாமி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"பாவம்டா அந்தப் புள்ள" என்றான் நாச்சிமுத்து.

"எனக்கும் பாவமாத்தான் இருக்குது. நாற்காலில உக்காந்துட்டனே."

அதில் தப்புச் சொல்ல யாராலும் முடியவில்லை. ஆனால் மூன்று பேர் ஆதரவு, ஒருவன் எதிர்ப்பு என்றால் அது ஒருமனது ஆகாதே.

"மயிலு எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்துட்டா?" என்றான் பூபதி.

"எதிர்க்கட்சி காலியாயிரும். அப்பறம் இது சபையே இல்ல" என்றான் நாச்சிமுத்து.

பிறகு ஜெகதீசு மெதுவாகச் சொன்னான்: "அவன் இங்க வரக் கூடாது, சரி. நாம அங்க போலாமல்ல?"

அவனுக்கு இவ்வளவு மூளை இருக்கும் என்று மற்ற மூவரும் நினைத்ததே இல்லை. ஒரே நாற்காலிதான் இருந்தது என்பதால் வகுப்பிலிருந்து ஒரு பெஞ்சைத் தூக்கி வந்து எதிர்க்கட்சிப் பக்கம் போட்டு, நாலு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து கையைத் தூக்கினார்கள். கதவைத் திறந்தபோது கோகிலவாணி எழுந்து நின்றாள்.

"என்ன ஆச்சுங்கண்ணா?"

"ஒருமனதாம்மா" என்றான் நாச்சிமுத்து. "ஒருத்தன்கூட மாத்திப் போடல."

"ரொம்ப நன்றிங்கண்ணா."

"எதிர்த்துத்தான் போட்டோம். அஞ்சு மணி பஸ் கூடாதுன்னு தீர்மானம் ஆயிருச்சு."

அவள் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை அவர்களால் தாங்க முடியவில்லை. இப்படி அநியாயமாக ஒரு தீர்மானம் போட்ட பேரவையைச் சும்மா விடக் கூடாது என்று அந்த இடத்திலேயே சபதம் செய்தார்கள். வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்து, "பேரவையே, பதில் சொல்" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். கத்திவிட்டு, பதில் சொல்ல உள்ளே ஓடினார்கள். உள்ளே போய்ப் பதில் சொன்னபோது கேட்பதற்கு வெளியே ஆள் இல்லை. மறுபடி வெளியே ஓடி வந்தார்கள்.

"ரெண்டு பேரு உள்ள இருங்க, ரெண்டு பேரு வெளிய இருங்க" என்று கோகிலவாணியே வழி சொன்னாள். அதன்படி செய்ததில், உள்ளே இருந்த இருவரும் கோரிக்கை நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பாதிப் பேரவை வெளியே போராடிக்கொண்டிருக்கும்போது ஒருமனதாக எப்படி முடிவெடுப்பது? பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது.

அவள் பையை எடுத்துக்கொண்டு தனியாக டெப்போவுக்குப் போய்விட்டாள். மேனேஜருக்கும் கல்லூரியில் படிக்கிற மகள் உண்டு. கோகிலவாணி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "திங்கக்கிழமையில இருந்து அஞ்சு மணிக்கு எடுக்கச் சொல்லிடறேன், போம்மா" என்றார். தீர்மானம் ஏதும் கேட்கவில்லை. காரியம் இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

செய்தி கேட்டுப் பேரவை இடிந்துபோனது.

"அஞ்சு மணி பஸ் கூடாதுன்னு நம்ம தீர்மானம் இருக்குதே" என்றான் பூபதி.

"மாத்திட்டா?" என்றான் ஜெகதீசு.

"இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னாரு சார். உனக்கு மாத்த இஷ்டமா?"

"ரொம்ப இஷ்டம்."

"அப்ப மாத்தவே கூடாது."

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு பஸ் புறப்படும்போது நாலு பேரும் அழுதுகொண்டே அதன் முன்னால் வரிசையாகப் படுத்தார்கள். உள்ளே ஜன்னலோரம் கோகிலவாணி இறங்குகிற வெயிலைப் பார்த்துக்கொண்டு கையைப் பிசைந்தாள். பயணிகள் திட்டினார்கள். டிரைவர் இறங்கி வந்தார்.

"எந்திரிங்கடா."

"முடியாதுங்கண்ணா. பஸ் போகோணும்னுதான் எங்களுக்கும் ஆசை. அஞ்சு மணிக்குப் போகக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுட்டோம்."

டிரைவர் ரொம்ப வருடமாக இந்த ஊர் வழியாக ஓட்டுகிறவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப மணி அஞ்சு மூணு."

நாலு பேரும் தலையைத் தூக்கி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப இது வேற பஸ்ஸுங்களா?" என்றான் மயில்சாமி.

"வேற பஸ்ஸுதான்."

உடனே எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, மரியாதையாக வழிவிட்டார்கள். கோகிலவாணி வீட்டு வாசலை மிதித்தபோது நல்ல வெளிச்சம். அப்பா தறியிலிருந்து ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அவள் அன்று நெய் போட்டுச் சாப்பிட்டாள்.

அப்புறம் அதுவே தினசரி வழக்கமாகிவிட்டது. பஸ் வரும், படுப்பார்கள், டிரைவர் மணி சொல்வார், எழுந்துவிடுவார்கள். லேபும் நின்றுபோகவில்லை, படிப்பும் நின்றுபோகவில்லை. பஸ் கிளம்பிக் கொஞ்சம் தள்ளி நிற்கும். "ஏறுங்கடா" என்று டிரைவர் கூப்பிடுவார். "எதுத்துப் படுத்துட்டு அதுலயே ஏறுனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்று நாச்சிமுத்து மறுத்துவிடுவான். ஊத்துப்புதூர்வரை நடைதான். ஒருநாள் அவன் செருப்பு அறுந்தது. பஸ்ஸை மறிப்பதால் பஸ்ஸைத் தவறவிடுகிறவர்களுக்கு ஐந்தேகாலுக்கு இன்னொரு பஸ் கேட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. நடுவழியிலேயே கூட்டம் போட்டார்கள். பூபதியின் முறை. நாற்காலி இல்லாததால் அவன் ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து எதிர்த்தான். ஒருமனது வேண்டுமே என்று மற்ற மூவரும் போய் அதே கட்டையில் உட்கார்ந்தார்கள். ஐந்தேகால் பஸ் கூடவே கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் ஐந்து மணி பஸ்ஸை முறைப்படி மறித்து அனுப்பிவிட்டு, ஐந்தேகால் பஸ்ஸை மறிக்க அதே இடத்தில் மறுபடி படுத்தார்கள். அந்த பஸ் வரவில்லை. ஏழு மணி பஸ் தீர்மானத்தில் இல்லாததால் அதற்கு மட்டும் எழுந்து வழிவிட்டு மறுபடி படுத்தார்கள். ஐந்தேகால் பஸ் வராததால் மணி சொல்ல அதன் டிரைவரும் இல்லை.

மறுநாள் காலையில் வந்த பஸ் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய் வாசலில் நின்றது. கோகிலவாணி இறங்கி ஓடி வந்தாள்.

"என்னங்கண்ணா இது, இன்னும் படுத்திருக்கீங்க?"

நாச்சிமுத்து கண்ணைத் திறந்தான். "அஞ்சேகால் பஸ்ஸு போயிருச்சாம்மா?"

"அப்படி ஒரு பஸ்ஸே இல்லீங்கண்ணா."

நாலு பேரும் படுத்தபடியே ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டார்கள். "பாத்தியா" என்றான் நாச்சிமுத்து, "ஒரே ராத்திரில பஸ்ஸையே நிறுத்திட்டோம்."