கொடியாள் சட்டை உரித்த நாள்

மலையடிவாரத்தில் சேந்தன் சாமியின் மடம் இருந்தது. பக்கத்தில் ஒரு சுனை. பசித்து வந்தவர்களுக்கு மதியம் ஒரு வேளை சோறு.

மடத்து நெல் அறையில் ஒரு சாரைப்பாம்பு இருந்தது. முழ நீளக் குட்டியாக இருந்தபோதே சாமி எடுத்து வளர்த்தது. கொடியாள் என்று பெயர் வைத்திருந்தார். அவள் இருந்ததால் அன்னதான நெல்லில் எலி வாய் வைத்ததில்லை.

சாயங்காலம் சாமி சுனைப் படியில் உட்காருவார். கொடியாள் அவர் மணிக்கட்டில் ஏறி, தோளைச் சுற்றி, மறு கை வழியாக இறங்குவாள். சாமி அவளைப் பிடிக்கவும் மாட்டார், விடவும் மாட்டார். கை பாட்டுக்கு இருக்கும், அவள் பாட்டுக்குப் போவாள்.

உலகம்மாள் அதைத் தூரத்திலிருந்து பார்ப்பாள். கோயிலில் தீபாராதனை பார்க்கிற மாதிரி அவள் கை தானாகக் குவியும். கிட்டே மட்டும் போக மாட்டாள்.

பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்துவிட்டு, சாமியிடம் நல்ல வார்த்தை கேட்க வந்தவள் அவள். சாமி அவளுடைய மூத்த மகனைவிட இரண்டு வயது இளையவர். அவர் இவளை அம்மா என்பார். இவள் அவரைச் சாமி என்பாள். வந்து மூன்று வருஷம் ஆகிறது. மடம் முழுக்கப் பெருக்குவாள், நெல் அறையைத் தவிர.

சமையல் பார்க்கிற பிச்சாண்டி விடமாட்டான்.

"அக்கா, மலை உச்சியைக்கூடப் பெருக்கிட்டு வருவீங்க. நெல் அறைக்கு மட்டும் துடைப்பம் நீளம் பத்தாது."

"உன் வேலையைப் பாருடா. ரசத்துல உப்பு இல்ல."

சாரைக்கு விஷம் இல்லை என்று உலகம்மாளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவளுடைய அப்பாவை வரப்பில் வைத்து எடுத்துக்கொண்டது ஒரு பாம்புதான். அவளுக்கு அப்போது ஏழு வயது.

ஒரு நாள் சாமியிடம் கேட்டாள்.

"சாமி, மனசுல பயம் எப்போ போகும்?"

சாமி அவளைப் பார்த்தார். "கேட்டு வச்சுட்டீங்கல்ல. இருக்கட்டும்" என்றார்.

அந்த ஆனி மாதம் சுனையில் தண்ணீர் கீழே போனது. காற்று அனலாக அடித்தது. பாசிப் படியில் வழுக்கி விழுந்து சாமிக்கு வலது கை மணிக்கட்டு முறிந்தது. வைத்தியர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போனார்.

அதே வாரம் கொடியாள் சட்டை உரிக்க வேண்டியவள். உரிக்கவில்லை. வறண்ட காற்றில் பழைய தோல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. அங்கங்கே கிழிந்து தொங்கியது. கண் இரண்டும் பால் ஊற்றினது போல வெளுத்துக் கிடந்தன. மூன்று நாளாக அவள் இரை எடுக்கவில்லை.

சாமி உலகம்மாளைக் கூப்பிட்டார்.

"கண் மேல இருக்கிற தோல் அப்படியே காய்ஞ்சுட்டா பார்வை போயிடும் அம்மா. வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சு, அவளை அதுக்குள்ள ஊர விடணும். என் ஒரு கை ஆகாது. நீங்க வாங்க."

"பிச்சாண்டி இருக்கானே சாமி."

"அவன் கையில எப்பவும் மிளகாய் இருக்கு."

பிச்சாண்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தான். "நாலு தரம் கழுவினாலும் போகாது அக்கா" என்று சந்தோஷமாகச் சொன்னான்.

உலகம்மாள் நனைத்த துணியோடு நெல் அறைக்குள் போனாள். நெல் கொட்டி வைக்கும் குதிருக்குப் பக்கத்தில் கொடியாள் சுருண்டு கிடந்தாள். உலகம்மாள் கண்ணை மூடினாள். உதடு முணுமுணுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அவளை அழுத்திப் பிடித்தாள்.

கொடியாள் சாட்டை மாதிரி உதறினாள். சீறினாள். தலையைத் தூக்கி ஈரத் துணியைக் கொத்தினாள். உலகம்மாள் கையை விட்டதும் குதிருக்கு அடியில் போய் மறைந்துவிட்டாள்.

உலகம்மாள் வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

"என்னால அது கண்ணு போயிடும் போல இருக்கு சாமி."

சாமி அவள் எதிரில் உட்கார்ந்தார். "என்னத்தைச் சொல்லிக்கிட்டே கை வச்சீங்க?"

"கருட மந்திரம். அப்பா போன பிறகு அம்மா எங்க எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தது."

"கருடன் பாம்புக்கு யாரு?"

உலகம்மாள் தயங்கினாள். "பகையாளி."

"அவ வீட்டுக்குள்ள அவ பகையாளியைக் கூட்டிக்கிட்டுப் போயா அவளை வான்னு கூப்பிட்டீங்க?"

"பாம்புக்குக் காது கேட்குமா சாமி?"

"அவளுக்குக் கேட்கலைம்மா. உங்க கைக்குக் கேட்டுச்சு."

உலகம்மாள் தன் கைகளைப் பார்த்தாள்.

சாமி பிச்சாண்டியிடம் நல்லெண்ணெய் கேட்டார். நன்றாக இருந்த இடது கையை நீட்டி, முழங்கை வரைக்கும் ஊற்றச் சொன்னார். "ஊர்ல என்ன வேலை பார்த்தீங்க?" என்று உலகம்மாளைக் கேட்டார்.

"தெரிஞ்சதுதானே சாமி. பிள்ளை குளிப்பாட்டப் போவேன். எங்க ஊர்ல பிறந்த பிள்ளை அத்தனையும் என் கால்ல படுத்துக் குளிச்சதுதான்."

"எண்ணெய் தேய்ச்ச பிள்ளையை எப்படிப் பிடிப்பீங்க? இந்தக் கையைப் பிடிங்க."

அவள் பிடித்தாள். இல்லை, ஏந்தினாள். சாமி கையை இழுத்தார். அவள் விரல்கள் கூடவே போயின. திருப்பினார், உருவினார். அவள் இறுக்கவில்லை. ஆனாலும் கை கீழே விழவில்லை.

"ஏன் இறுக்கலை?"

"இறுக்கினா வழுக்கிடும் சாமி. பிள்ளை போற பக்கம் கையும் போகணும்."

"எத்தனை பிள்ளை கை தவறியிருக்கு?"

"ஐயோ, ஒண்ணுகூட இல்ல."

"முதல் பிள்ளைக்குப் பயமா இல்லையா?"

"உயிரே போச்சு. தண்ணியை மொண்டு வச்சுக்கிட்டு ஊத்தாமலே உட்கார்ந்திருந்தேன்." அவள் யோசித்தாள். "பிள்ளை குளிர்ல வெடவெடன்னு நடுங்குச்சு. அதைப் பார்த்ததும் ஊத்திட்டேன்."

 சாமி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். வேறு யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"கொடியாளுக்கு இப்போ கண்ணு தெரியாது. எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கும்."

உலகம்மாள் எழுந்தாள். தண்ணீரை மறுபடி சூடாக்கினாள். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள், பிள்ளைக் குளியலுக்குப் பார்ப்பது போல. கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விளாவினாள். நெல் அறைக்குள் போய், குதிருக்கு எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டினாள். காலின் மேல் பழைய சேலைத் துணியை நனைத்து மடித்துப் போட்டாள். மடியில் கையைத் திறந்து வைத்தாள்.

உதடு அசையவில்லை. உள்ளே மட்டும் ஒன்று ஓடியது. கடவுளே, இந்தக் கண்ணைக் காப்பாத்து.

துணி ஆறியது. மறுபடி நனைத்தாள். மறுபடி ஆறியது. அதையும் நனைத்தாள். கால் மரத்துப் போனது.

வாசலில் வெயில் சாயும் நேரம் குதிருக்கு அடியிலிருந்து ஒரு நாக்கு நீண்டது. பிறகு தலை. கொடியாள் தரையைத் தடவித் தடவி வந்தாள். ஓர் அடி வருவாள், நிற்பாள். ஈரச் சூடு இருக்கும் பக்கம் திரும்புவாள்.  உலகம்மாளுக்கு எழுந்து ஓடத் தோன்றியது. ஓடவில்லை.

கொடியாள் அவள் கணுக்காலில் ஏறினாள். முழங்காலுக்கு வந்தாள். துணியின் மடிப்புக்குள் தலையை நுழைத்தாள்.

உலகம்மாள் மெதுவாகத் துணியோடு சேர்த்துக் கையை வைத்தாள். கொடியாள் போனாள். கையும் போனது. முகவாயில் தொடங்கித் தோல் விட்டது. துணிக்குள்ளேயே பழைய தோல் தங்க, ஈரமாய், எண்ணெய் தேய்த்தது போல மினுமினுத்துக்கொண்டு கொடியாள் மறு பக்கம் வந்தாள். முழுதாய் வர வெகு நேரம் ஆனது.

"வாடி கண்ணு. அவ்வளவுதான். முடிஞ்சுது முடிஞ்சுது." உலகம்மாளின் வாய், பிள்ளைகளிடம் முப்பது வருஷம் சொன்னதைத் தானாகச் சொன்னது.

கதவருகே பிச்சாண்டி நின்றிருந்தான். அவன் கையில் கரண்டி அப்படியே இருந்தது.

"அக்கா, பழக்கத்துல பிள்ளைன்னு நினைச்சு மூக்கைப் பிடிச்சு நீவி விட்டுடாதீங்க."

உலகம்மாள் சிரித்தாள்.  கொடியாள் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். கண் கறுப்பாக, பளிச்சென்று இருந்தது. பார்த்துவிட்டு, அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

சாமி உள்ளே வந்தார். துணியைப் பிரித்து உரிந்த தோலை வெளிச்சத்தில் பிடித்தார். தலைப் பக்கத்தில் இரண்டு கண்ணின் மேல்தோலும் சின்னக் கண்ணாடிச் சில்லு மாதிரி தோலோடு வந்திருந்தன. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு உலகம்மாளின் கைகளைப் பார்த்து, கட்டுப்போட்ட கையோடு இன்னொரு கையைச் சேர்த்துக் கும்பிட்டார்.

உலகம்மாள் பதறினாள். "நீங்க கும்பிடலாமா சாமி? நான் இன்னும் அதே ஆளுதான். கையைப் பாருங்க, இப்பவும் நடுங்குது. பயம் போகவே இல்லையே."

கொடியாள் அந்த நடுங்கும் கையிலேயே தலை வைத்துப் படுத்திருந்தாள்.

சாமி சொன்னார்:

"அவளும் நடுங்கிக்கிட்டேதான் உங்க மடிக்கு வந்தா அம்மா."